கம்பைலருக்கே பரீட்சை வைத்தவர்

ரிலீஸுக்கு முந்தின ராத்திரி பில்ட் ஃபெயில் ஆகி, என் லேப்டாப்புல ஓடுச்சேன்னு நீங்களும் புலம்பியிருப்பீங்க. அப்போ கிரேஸ் ஹாப்பரை நினைச்சுக்கோங்க.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர், கணிதத்தில் முனைவர். 1944-ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக ஹார்வர்டு மார்க் 1 கணினிக்கு புரோகிராம் எழுத வந்தார். 1952-ல் ஏ-0 கம்பைலரை உருவாக்கினார்.

பிறகு கோபோல் மொழி வந்தது. ஆனா, ஒவ்வொரு கம்பெனி கம்பைலரும் ஒவ்வொரு மாதிரி நடந்துச்சு. ஓய்வுபெற்றிருந்த ஹாப்பரை 1967-ல் கடற்படை திரும்பக் கூப்பிட்டது. கம்பைலர் தரநிலைப்படி நடக்குதான்னு சரிபார்க்கும் சோதனை புரோகிராம்களை அவர் குழு எழுதியது. 79 வயதில்தான் கடற்படையிலிருந்து இறுதியாக ஓய்வு, 1992-ல் மறைந்தார்.

இன்னைக்கு நீங்க கமிட் பண்ணதும் தானாக ஓடும் பில்ட் டெஸ்ட்டும் அதே வழிதான். சிவப்பு விழுந்தா கோபப்படாதீங்க. பயனர்கிட்ட போயிருக்க வேண்டிய பிழை, உங்ககிட்டயே நின்னுடுச்சு.