காற்றைக் கற்ற வில்பர் ரைட்

மயிலிட்டிக் கரையில் படகைத் தனியாகவும் தண்டையலைத் தனியாகவும் எவரும் எடைபோடுவதில்லை. காற்றுக் கிளம்பிக் கடல் கொந்தளிக்கும்போது இரண்டும் சேர்ந்து எவ்வாறு தாக்குப்பிடிக்கும் என்பதே அங்கு கேள்வி. அயலிலுள்ள பலாலி ஓடுபாதையில் இறங்கும் விமானங்களுக்கும் அக்கேள்வி பொருந்தும். விமானவியலில் அதனை ஆழமாகச் சிந்தித்த முன்னோடி வில்பர் ரைட் ஆவார்.

1867 ஏப்ரல் 16ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்த வில்பர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். தம்பி ஓர்வில்லுடன் டேய்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர். 1896 ஒகஸ்டில் ஜேர்மனியரான ஓட்டோ லிலியந்தால் இயந்திரமற்ற வானூர்தியிலிருந்து வீழ்ந்து மாண்ட செய்தி அவரை உலுக்கியது. உடலை அசைத்தே சமநிலை காத்த லிலியந்தாலால் காற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் குர்துபாவில் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு பிர்னாஸும் தரையிறங்குகையில் காயமுற்றதாகவே வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பிறர் வலிய இயந்திரத்தைத் தேடியபோது வில்பர் கட்டுப்பாட்டைத் தேடினார். ஓட்டுபவர் இன்றிச் சைக்கிள் நிமிர்ந்து நில்லாது என்பதை அவர் அறிந்திருந்தார். பறவைகளைக் கவனித்து, இறக்கை நுனிகளை முறுக்கிச் சமநிலை காக்கும் முறையை வகுத்தார். 1901இல் சகோதரர்கள் காற்றுச் சுரங்கம் அமைத்துச் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். 1902இல் கிட்டி ஹோக் மணல்மேட்டில் நூற்றுக்கணக்கான தடவைகள் மிதந்து பழகினர்.

1903 டிசெம்பர் 17ஆம் திகதி பலத்த காற்றிலே நான்கு தடவைகள் பறந்தனர். இறுதித் தடவை வில்பர் 59 விநாடிகளில் 852 அடி கடந்தார். சற்று நேரத்தின் பின், விமானி இன்றித் தரையில் நின்ற அதே விமானத்தைக் காற்று புரட்டிச் சிதைத்தது.

அவரது விமானம் இயல்பாகவே தளம்பும் தன்மையது. விமானி கணமும் கைவிடலாகாது. இது குறையே என உணர்ந்த பின்வந்தோர் தாமாகவே நிலைகொள்ளும் விமானங்களை அமைத்தனர். இரண்டாம் உலகப் போரையடுத்து விமானியின் தாமதத்தையும் பதற்றத்தையும் கணிதச் சமன்பாடுகளில் சேர்த்தனர். காற்றுக் குலுக்கலில் பிந்தியோ மிகையாகவோ செய்யப்படும் திருத்தம் ஆட்டத்தைப் பெருக்கிவிடக்கூடும் என்பது அதனால் தெளிவாயிற்று.

1912 மே 30ஆம் திகதி, 45ஆவது வயதில், தைபோயிட் காய்ச்சலால் வில்பர் காலமானார். விபத்து நேர்ந்தால் விமானியின் தவறா, இயந்திரக் கோளாறா எனப் பிரித்துக் கேட்பது நமது வழக்கம். இரண்டையும் ஒன்றாகவே ஆராய வேண்டும் என்பதே அவரது வாழ்வு தரும் பாடம். பயணிகளின் உயிர் தங்கியிருப்பதும் அதிலேதான்.