மேரி கியூரி படித்த பறக்கும் பல்கலைக்கழகம்

காலேஜ் வைஃபையில ஒரு சைட் பிளாக் ஆச்சுன்னா உடனே விபிஎன் தேடுவோம், இல்லையா? தாய்மொழியையே பிளாக் பண்ணி வைத்திருந்த ஊரில் ஒரு பெண் எப்படிப் படித்தார்னு பாருங்க. உங்களுக்கு நல்லாத் தெரிந்தவர்தான்: மேரி கியூரி.

1867 நவம்பர் 7 அன்று வார்சாவில் பிறந்தார். அப்போ அவர் பெயர் மரியா. போலந்து என்ற நாடே அன்று மேப்பில் கிடையாது. வார்சா ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. பள்ளியில் பாடம் எல்லாம் ரஷ்ய மொழியில்தான். ஆனா மரியாவின் பள்ளியில் போலந்து வரலாற்றைத் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுத்தாங்க. இன்ஸ்பெக்டர் வந்தால் மணி அடிக்கும், புத்தகங்கள் மறைந்துவிடும். அவர் முன்னால் எழுந்து சுத்தமான ரஷ்ய மொழியில் பதில் சொல்வது மரியாவின் வேலை. அப்பா பிசிக்ஸ் ஆசிரியர். பள்ளிகளில் லேப் வகுப்பை அரசு நிறுத்தியதும் கருவிகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

15 வயதில் தங்கப் பதக்கத்தோடு பள்ளி முடித்தார். வார்சா பல்கலைக்கழகத்திலோ பெண்களுக்கு இடமில்லை. அதனால் மரியாவும் அக்கா பிரோன்யாவும் 'பறக்கும் பல்கலைக்கழகத்தில்' சேர்ந்தாங்க. பில்டிங் கிடையாது, போர்டு கிடையாது. போலீஸ் கண்ணில் படாமல் வீடு வீடாக இடம் மாறும் ரகசிய வகுப்புகள். மாட்டினால் ஜெயில்.

அக்காவின் பாரிஸ் மெடிக்கல் படிப்புக்குப் பணம் அனுப்ப, 1886ல் மரியா ஒரு கிராமத்துப் பணக்கார வீட்டில் டீச்சர் வேலைக்குப் போனார். மிச்ச நேரத்தில் அந்த ஊர் ஏழைப் பிள்ளைகளுக்குப் போலந்து மொழியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். வெளியே தெரிந்தால் சைபீரியாதான். பிறகு வார்சா திரும்பி, 'மியூசியம்' என்ற பெயரில் இயங்கிய ஓர் இடத்தின் லேபில், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பரிசோதனை பழகினார்.

1891ல் பாரிஸ். 1898ல் கணவர் பியரோடு சேர்ந்து ஒரு புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்ததும் அதற்கு பொலோனியம் என்று பெயர் வைத்தார். மேப்பில் இல்லாத நாடு பீரியாடிக் டேபிளில் ஏறிவிட்டது! 1903ல் இயற்பியல், 1911ல் வேதியியல் என்று இரண்டு நோபல். 1934ல் மறைந்தார்.

மணி அடித்தவர், வீட்டைத் திறந்துவிட்டவர், பயமில்லாமல் பாடம் எடுத்தவர்... இவங்கள்ல பல பேரோட பெயர் நமக்குத் தெரியாது. இவங்க இல்லேன்னா மரியாவும் இல்லை. உங்க பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு ஒரு பாடம் கிடைக்காமல் இருந்தால், உங்களிடம் இருப்பதைக் கொடுங்க.