சட்டத்துள் அடங்காதவர்

ஒலுவிலிலும் அதனையடுத்த கரையோர ஊர்களிலும் வீட்டுச் சுவர்களை அலங்கரிப்பவை பெரும்பாலும் மக்கா, மதீனாப் படங்களே. உயிருருவங்களைச் சுவரில் மாட்ட விரும்பாத இல்லத்திலும் கண்ணாடிச் சட்டமிட்ட பழைய மோட்டார்க் காரின் படத்துக்கு இடமுண்டு. நீண்ட உடலும் வெள்ளிபோல் மினுங்கும் முகப்புமுடைய அக் காரைக் காண்போர், அது அரசரோடு பிறந்தது என்றே எண்ணுவர். அதனைப் படைத்தவரோ வறுமையோடு பிறந்தவர். அவரே ஹென்றி றோய்ஸ்.

1863 மார்ச் 27இல் இங்கிலாந்தின் அல்வால்ற்றன் கிராமத்தில், மாவாலை நடத்திய ஒருவரின் கடைசி மகவாக அவர் பிறந்தார். தொழில் நொடித்துத் தந்தை இறந்தபோது மகனுக்கு வயது 9. பத்திரிகை விற்றும் தந்தி சுமந்தும் சிறுவன் வயிறு வளர்த்தான். அத்தையார் பணங்கட்டப் புகையிரதப் பட்டறையில் தொழில் பயின்றான். அவர் கை வறண்டதும் பயிற்சி இடைநடுவில் நின்றது.

1884இல் மஞ்செஸ்டரில் நண்பர் கிளெயர்மொன்ற்றுடன் சிறு பட்டறை அமைத்து, மின்மணிகளும் பின்னர் பாரந்தூக்கிகளும் செய்தார். பின்னாளில் தாம் வாங்கிய பிரெஞ்சுக் காரின் குறைகள் அவர் மனத்தை உறுத்தின. குறைகூறி ஓய்ந்துவிடாது, தாமே ஒரு காரைச் செய்து 1904 ஏப்ரலில் ஓட்டிக் காட்டினார். அடுத்த மாதமே பிரபு குலத்துச் சாள்ஸ் றோல்ஸ் அவரைச் சந்தித்தார். வறியவரின் கைத்திறனும் செல்வரின் வணிகத்திறனும் ஒன்றுசேர்ந்தன.

1907இல் வெள்ளி வண்ணம் பூசிய அவர்களது கார் 14,371 மைல் தூரச் சோதனையில் வென்று புகழீட்டியது. மறு ஆண்டு இந்தியாவில் பம்பாய், கோலாப்பூர் மலைப்பாதைகளை வென்ற காரொன்றைக் குவாலியர் மகாராசா வாங்கினார். ஆயினும் 1910இல் றோல்ஸ் விமான விபத்தில் மாண்டார். றோய்ஸும் கடும் நோய்வாய்ப்பட்டுச் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். தொழிற்சாலையை விட்டு நெடுந்தொலைவில், கடலோர இல்லங்களில் இருந்தபடியே எஞ்சிய காலமெல்லாம் வரைபடங்களைத் திருத்தி அனுப்பினார்.

அக்காலத்திலேதான் சாள்ஸ் சைக்ஸ் என்னும் ஓவியர் கம்பனியின் விளம்பர ஏட்டுக்கென, சீமான்களும் சீமாட்டிகளும் காரில் வந்திறங்கும் காட்சிகளைத் தீட்டினார். 1911இல் காரின் முகப்பில் நிற்கும் மங்கையுருவைச் சமைத்தவரும் அவரே. படங்களில் நாம் வியக்கும் அவ்வுருவம் றோய்ஸுக்கு உவப்பளிக்கவில்லை. இயந்திரத்தின் ஓசையடக்கமே அவர் கண்ட அழகு.

1930இல் பரம்பரைப் பட்டம் பெற்ற பின்னரும் தம்மை ஒரு மெக்கானிக் என்றே அவர் கருதினார். 1933 ஏப்ரல் 22இல் காலமானார். சுவரிலுள்ள படத்தில் செல்வரின் பெருமிதம் தெரிகிறது. எண்ணெய் படிந்த அவ்விரு கைகள் தெரிவதில்லை. மாணவருக்கு அப் படத்தைக் காட்டும் ஆசிரியர், மறைந்திருக்கும் அக் கைகளையும் காட்டுவாராயின் படம் முழுமை பெறும்.