சிறகு நரம்புகளைக் கற்றவர்

வண்ணத்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் விரும்பிச் சேகரித்த 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஈக்களை நாடியோர் சிலரே. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், இருசிறகுப் பூச்சிகள் அனைத்தையும் பத்தே பேரினங்களுள் அடக்கியிருந்தார். வீட்டு ஈயும் இறைச்சியில் மொய்க்கும் நீல ஈயும் மலர்முன் அந்தரத்தில் நின்று பறக்கும் ஈயும் அவருடைய நூலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தவர் யோஹான் வில்ஹெல்ம் மைகன்.

மைகன் 1764ஆம் ஆண்டு ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். ஆகன் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோல்பெர்க்கில் பிரெஞ்சு மொழி கற்பித்தும் வரைபடங்கள் தீட்டியும் பெரிய குடும்பத்தைக் காத்தார். எஞ்சிய பொழுதெல்லாம் ஈக்களுக்கே உரியதாயிற்று.

ஈயின் நிறம் ஏமாற்றும், இறந்தபின் மங்கும். சிறகின் நரம்புகளோ மாறுவதில்லை. எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எதனோடு இணைகிறது, குறுக்கு நரம்பு எவ்விடத்தில் அமைகிறது என்பவற்றை உருப்பெருக்கியின் துணையால் நோக்கிய மைகன், உறவுடைய ஈக்களின் சிறகுகள் ஒரே அமைப்பைப் பெற்றிருக்கக் கண்டார். அக்காலப் பேரறிஞரான ஃபேப்ரிசியஸ் வாயுறுப்புகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு பூச்சிகளைப் பிரித்தார். சிற்றீக்களில் அவற்றைக் காண்பதே அரிது. மைகன் ஓர் உறுப்பை மட்டும் நம்பவில்லை. சிறகு, உணர்கொம்பு, வாய் என அனைத்தையும் ஒப்பிட்டே முடிவு செய்தார். அவருடைய பெருமை இதில்தான் உள்ளது.

கீல் நகர மருத்துவப் பேராசிரியர் வீடமன் அவரைத் தேடிவந்து ஊக்கமளித்தார். ஐரோப்பிய இருசிறகுப் பூச்சிகளைப் பற்றிய மைகனின் பெருநூல் 1818 முதல் 1838 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

அதன் முதல் தொகுதியிலேயே கொசுக்களைப் பிரித்துக் காட்டினார். உறிஞ்சுகுழலின் இருபுறமும் உள்ள உணர்நீட்சிகள் ஆண், பெண் இரண்டிலும் நீண்டிருந்தால் அனோஃபிலிஸ். இரண்டிலும் குறுகியிருந்தால் ஏடிஸ். ஆணில் நீண்டு பெண்ணில் குறுகியிருந்தால் கியூலெக்ஸ். அனோஃபிலிஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பயனற்றது என்பது பொருள். அக்கொசு உயிர்க்கொல்லி என்பதை அன்று எவரும் அறியார்.

1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கொசுவின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. புள்ளிச் சிறகுடையது என்றே குறித்தார். மறு ஆண்டு இத்தாலியில் கிராஸி, மனிதரிடையே மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலிஸ் என நிறுவினார். எல்லாக் கொசுக்களையும் ஒன்றெனக் கொண்டிருந்தால், எந்த நீர்நிலையைத் தூய்மை செய்வது என்பதே விளங்கியிராது.

1830இல் கருவயிற்றுப் பழ ஈ ஒன்றை மைகன் சில வரிகளில் விவரித்து, டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் எனப் பெயரிட்டார். அவ்வீயை வளர்த்தே மார்கன் மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்திருப்பதை மெய்ப்பித்து 1933இல் நோபல் பரிசு பெற்றார்.

முதுமையில் வறுமை நெருக்கவே, மைகன் தம் ஈக்களையும் தாமே தீட்டிய வண்ணப் படங்களையும் பாரிஸ் அருங்காட்சியகத்திற்கு விற்றார். 1845இல் ஸ்டோல்பெர்க்கில் மறைந்தார். நூற்றுக்கணக்கான தாள்களாகத் திகழ்ந்த அப்படங்கள், நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே முழுமையாக அச்சேறின.