வைமானிகர் ஐல்சன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1897ஆம் ஆண்டு பிறந்த கார்ல் பென் ஐல்சன், 1922இல் அலாஸ்காவின் பேர்பாங்க்ஸ் நகருக்கு உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகச் சென்றார். யுத்தகாலத்திற் பயின்ற விமான வித்தையை அவர் மறந்தாரில்லை. பள்ளியின் இழப்பு அலாஸ்காவின் பேறாயிற்று. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி ஏறக்குறைய 20 நாளிற் கொண்டுசென்ற தபாலை, 1924இல் 3 மணி நேரத்திற்குள் மக்ராத் என்னும் ஊரிற் சேர்ப்பித்தார். 1928இல் வில்கின்ஸ் என்பாருடன் பாரோ முனையினின்று துருவக் கடலைக் கடந்து ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை அடைந்தார்.

1929இல் நானுக் என்னும் கப்பல் சைபீரியக் கரையருகே பனிக்கட்டியில் அகப்பட்டது. அதிலிருந்த மாந்தரையும் விலையுயர்ந்த மயிர்த்தோல்களையும் மீட்டுவரும் பணியை ஐல்சன் ஏற்றார். அலாஸ்காவின் மேற்குக் கரையிலுள்ள டெல்லர் அவர் புறப்பட்ட இடம். அங்கே நவம்பரிற் பகற்பொழுது 7 மணி நேரத்திற்கும் குறைவு. உறையாத கடல்நீரினின்று எழும் மூடுபனி கரையை மறைக்கும். இக்கரை தெளிந்திருப்பது அக்கரையின் தெளிவுக்கு அத்தாட்சியாகாது. வானும் நிலமும் ஒருங்கே வெண்மையாகிவிடின், எவ்வளவு உயரத்திற் பறக்கிறோம் என்பதும் கண்ணுக்குப் புலனாகாது.

முதற்பயணம் இனிதே முடிந்தது. பின்னர் வானிலை சீர்கெட்டமையாற் காத்திருந்து, நவம்பர் 9ஆம் நாள் இயந்திர நிபுணர் போர்லண்டுடன் மீண்டும் புறப்பட்டார். கப்பலை அவர்கள் அடையவில்லை. 1930 ஜனவரியில், தேடிச்சென்ற வைமானிகர் பனிவெளியில் ஒரு சிறகு நீட்டி நிற்கக் கண்டனர். மறுமாதம் இருவர் உடலும் கிட்டின.