கல்கியும் காட்சிக் கலையும்

ஒரு நல்ல கதை ஓர் உருவத்தோடு அமைந்து நிற்பதில்லை. கோவலன் கண்ணகி வரலாறு காப்பியமாயிற்று. பின்னர் நாட்டுக் கூத்துமாயிற்று. வான்மீகியார் வடமொழியிற் பாடிய இராமகாதையைக் கம்பர் தமிழ் மரபுக்கியையத் தழுவிப் பாடினார். இங்ஙனம் ஒரு வடிவினின்றும் மற்றொரு வடிவிற்குச் செல்லுங்கால், கதை பெறுவனவும் உள, இழப்பனவும் உள. எதைப் பெற்றது, எதை இழந்தது என்று நிறுத்துப் பார்ப்பதே திறனாய்வாளர் கடன்.

இவ்வினா இன்று நம் மாணவரிடையே புதியதோர் உருவில் எழுந்துள்ளது. ஜப்பான் நாட்டு இதழ்களிலே தொடராக வெளிவரும் சித்திரக் கதைகளை மங்கா என்பர். அவற்றையும் நாவல்களையும் தழுவி ஆக்கப்படும் அசையும் சித்திரப் படங்களை அனிமே என்பர். ஒசாமு தெசூக்கா என்னும் ஓவியர் தாம் வரைந்த சித்திரக் கதையொன்றை 1963இல் தொலைக்காட்சித் தொடராக்கியது முதல், இத்துறை அங்கே பெருகி வளர்ந்தது. மூலம் சிறந்ததா, தழுவல் சிறந்ததா என்று இளைஞர் இன்றும் வாதிடுகின்றனர். இவ்வாதத்தைத் தீர்க்க நாம் ஜப்பான் வரை செல்ல வேண்டுவதில்லை. வார இதழிலே சித்திரங்களோடு தொடர்கதை எழுதி, அக்கதைகள் திரையேறக் கண்டவரும், தாமே திரைக்கு எழுதியவருமாகிய ஒருவர் நம் மொழியிலேயே வாழ்ந்தார். அவரே கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி.

கல்கி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். மாயவரத்திலும் பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் கல்வி பயின்ற கல்கி, பள்ளி இறுதித் தேர்வு அண்மித்திருந்த வேளையில், 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தால் ஈர்க்கப்பட்டுப் படிப்பைத் துறந்தார். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தேர்வே வாழ்வின் வாயில். அவ்வாயிலைத் தாமே அடைத்துவிட்டு, அடுத்த ஆண்டிலே சிறை புகுந்தார். கைக்கு எட்டிய ஒன்றைப் பொதுநலன் கருதி விட்டுக் கொடுத்தல் என்னும் இச்செயலை வாசகர் நினைவில் இருத்துக. அவருடைய கதைகளின் உயிர்நிலை இதுவே.

சிறையினின்று மீண்டபின், 1923இல் திரு.வி.க. நடத்திய நவசக்தியிலே துணையாசிரியராக அமர்ந்தார். எளிய தமிழும் மிடுக்கான நடையும் அவருக்குக் கைவந்தது அங்கேயே எனலாம். 1928இல் அதனை விடுத்துத் திருச்செங்கோட்டிலே இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்திற்குச் சென்று, மதுவிலக்கை வற்புறுத்திய விமோசனம் என்னும் இதழுக்குத் துணைபுரிந்தார். 1931இல் மீண்டும் சிறைவாசம். அதன்பின் சென்னை திரும்பி, எஸ்.எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடனிற் பணியேற்றார். ஆங்குக் கதையோடு நின்றாரல்லர். கர்நாடகம் என்னும் புனைபெயரில் இசை, நாடகம், நடனம், திரைப்படம் ஆகியவற்றுக்கு விமரிசனமும் எழுதினார். காட்சிக் கலையின் நிறைகுறைகளை அவர் முதலிற் கற்றது இவ்வகையிலேயாம்.

கற்றதைச் செய்து பார்க்கும் வாய்ப்பும் விரைவில் வந்தது. 1930களின் இறுதியில் அவர் எழுதிய தியாகபூமி, விகடனிலே தொடர்கதையாகவும், கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாகவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாயிற்று. கதைக்கு ஓவியர் வரையும் சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் நிழற்படங்களே இதழில் அச்சாயின. 1939இல் வெளிவந்த அப்படத்திலே பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாராக நடித்தார்; எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரியாக நடித்தார். கணவனாற் புறக்கணிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் துயரோடு நாட்டு விடுதலை வேட்கையையும் இணைத்த அப்படத்தை, ஆங்கில அரசு 1940இல் தடைசெய்தது. ஏட்டிலே கதை படித்தவர் ஆயிரவர் எனின், திரையிலே அதனைக் கண்டு உணர்ச்சிவசப்பட்டவர் பன்னூறாயிரவர். எழுத்தறியாதாரையும் கதை சென்றடையும் என்பதே காட்சிக் கலையின் தலையாய வலிமை. அரசு அஞ்சியதும் அவ்வலிமையையே.

எனினும் குறையும் அங்கேயே தோன்றிற்று. நடிகரின் முகம் ஏட்டிற் பதிந்தபின், வாசகர் தம் உள்ளத்தில் வேறு முகம் வரைந்து கொள்ளுதற்கு இடமின்றிப் போயிற்று. ஏடும் படமும் ஒருங்கே நடைபோடுங்கால், ஒன்றன் வேகத்திற்கு மற்றொன்று கட்டுப்படுதலும் நேரும். ஜப்பானியப் படங்களிலும் இச்சிக்கல் உண்டு. ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் என்னும் சித்திரக் கதை முடிவுறாத நிலையில் 2003இல் படத்தொடராகத் தொடங்கப்பட்டமையால், அத்தொடர் தனிவழி சென்று வேறொரு முடிவை எய்திற்று. மூலத்தை ஒட்டிய மற்றொரு தொடர் 2009இல் மீண்டும் எடுக்கப்பட்டது. முடியாத கதையைத் தழுவுவது, கட்டி முடியாத பாலத்தின்மேல் வண்டி செலுத்துவதை ஒக்கும்.

1941இல் கல்கி விகடனை விட்டு நீங்கினார். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மறுபடியும் சிறை சென்றார். வெளிவந்ததும் நண்பர் டி. சதாசிவத்தோடு சேர்ந்து கல்கி என்னும் பெயரிலேயே வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முதல் வேண்டுமன்றோ? சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி என்னும் படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் அதற்கு உதவிற்று. ஆகவே, தமிழ்ச் சரித்திர நாவலுக்குத் தொட்டிலாக விளங்கிய இதழ் திரைப்படப் பொருளாலேயே பிறந்தது. ஏடும் திரையும் பகைவரென்று கருதுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று. 1945இல் வெளிவந்த மீரா படத்திற்குக் கல்கி உரையாடலும் பாடல்களும் எழுதி அக்கடனைத் தீர்த்தார் போலும்.

அவ்விதழிலே பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் அலை ஓசையும் அடுத்தடுத்து வந்தன. 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியிலே பொன்னியின் செல்வன் தொடங்கிற்று. ஐந்து பாகம், ஏறத்தாழ முந்நூறு அத்தியாயம், மூன்றரை ஆண்டு என விரிந்த அப்பெருங்கதைக்கு மணியம் வரைந்த சித்திரங்கள் வாரந்தோறும் அணிசெய்தன. குந்தவையின் கொண்டையும் நந்தினியின் கொண்டையும் வேறுவேறென்று வாசகர் கண்டு தெளியுமளவிற்கு, எழுத்தும் ஓவியமும் ஒன்றையொன்று தழுவி நின்றன. நம் நாட்டு மங்கா என்று அதனைக் கூறினும் தவறாகாது.

இனி, தம்புள்ளையில் வாழ்வோர்க்கு இந்நாவல் பிறிதோர் உரிமையும் உடையது. கல்கி இலங்கைக்கு நேரில் வந்து சென்றவர். இரண்டாம் பாகமாகிய சுழற்காற்றிலே, தம்பள்ளை என்று அவர் வழங்கும் நம்மூரிலேதான் வந்தியத்தேவன் பொன்னியின் செல்வரை முதன்முதற் காண்கின்றான். சிகிரியாவிற்குச் சென்று மீளும் சீன யாத்திரிகரைச் சுமந்து வரும் யானைக்குப் பாகனாக இளவரசர் மாறுவேடத்தில் வருகின்றார். கதாநாயகர் தேரிலேறி வாராமற் பாகனாக வருவது கல்கியின் உள்ளத்தை நன்கு காட்டும். பின்னர் வீரர்கள் தீ மூட்டிச் சூழ்ந்திருந்து ஏலேலசிங்கன் கூத்தை ஆடுகின்றனர். தமிழ் மன்னனாகிய எல்லாளனைத் தனிப்போரில் வென்ற துட்டகைமுனு, வீழ்ந்த பகைவனுக்கு நினைவிடம் எழுப்பி, அதனை அனைவரும் வணங்கிச் செல்லுமாறு ஆணையிட்ட வரலாறு அது. மகாவமிசம் கூறும் அப்பெருந்தன்மையைத் தமிழ் எழுத்தாளர் ஒருவர், சோழ வீரர் வாயிலாகவே புகழ்ந்து பாடுவித்தார். அநுராதபுரத்திலே பிக்குமார் இலங்கை மணிமகுடத்தை அளிக்க முன்வந்தபோது, இளவரசர் அதனை ஏற்க மறுப்பதும் இதனைத் தொடர்ந்தே நிகழ்கின்றது.

பொன்னியின் செல்வன் 1954இல் நிறைவெய்திற்று. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில், கல்கி சென்னையிற் காலமானார். அவர் தொடங்கிவைத்த அமரதாராவை மகள் ஆனந்தி எழுதி முடித்தார். 1956இல் அலை ஓசைக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு வழங்கப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் கள்வனின் காதலி 1955இலும், பார்த்திபன் கனவு 1960இலும் திரையேறின. பொன்னியின் செல்வனைப் படமாக்கப்போவதாக எம்.ஜி.ஆர். 1958இல் அறிவித்தும் அது கைகூடவில்லை. 1999இல் மேடை நாடகமாயிற்று. ஈற்றில் மணிரத்னம் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் இரு பாகப் படமாக வெளிவந்தது.

அப்படத்தை நிறுத்துப் பார்ப்போம். இரண்டாயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட கதை ஐந்தரை மணி நேரத்துள் அடங்கிற்று. கடற்புயலும் குதிரைப் பாய்ச்சலும் படைகளின் ஆரவாரமும் எழுத்தாற் பல பக்கம் வேண்டுவன. படமோ இமைப்பொழுதிற் காட்டிவிடுகின்றது. தொடர்கதைக்கே உரிய தளர்ச்சிகளும், ஒருவர் பேச்சை மற்றொருவர் மறைந்திருந்து கேட்கும் தற்செயல் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் களையப்பட்டன. கல்கியின் அன்பர்கள் வருந்தினும், இவை மூலத்தின் குறைகளே என்று ஒப்புக்கொள்ளல் வேண்டும். படம் பார்த்தோர் பலர் நூலைத் தேடி வாங்கியமை மற்றொரு நன்மை.

இழந்தனவோ பல. மணிமேகலை என்னும் பேதைப்பெண் படத்தில் இல்லை. சேந்தன் அமுதனே உத்தம சோழனாக வெளிப்படும் திருப்பமும் இல்லை. ஆதித்த கரிகாலன் எவர் கையால் மடிந்தான் என்பதைக் கல்கி இருளிலேயே விட்டுச் சென்றார். உடையார்குடிக் கல்வெட்டுக் கூறும் பெயர்களுக்கு அப்பால் வரலாறும் மௌனம் சாதிக்கின்றதன்றோ? படம் அவ்விருளை அகற்றித் தனதொரு விடையைக் கூறிற்று. இவையனைத்தினும் பெரிய இழப்பு, கதை சொல்வோனின் குரல். வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, இடையிடையே நகைத்து, வழியிலே நின்று ஊரின் வரலாற்றைக் கூறி, அடுத்த வாரம் வரை காத்திருக்க வைக்கும் அக்குரலைக் காட்டவல்ல கருவி எதுவும் திரைக்கு இல்லை.

ஆயின் ஒரு தழுவலின் தகுதியை, எத்தனை பாத்திரம் எஞ்சிற்று என்று எண்ணிக் கணித்தல் முறையன்று. கதை எதன்பொருட்டுச் சொல்லப்பட்டதோ அது எஞ்சிற்றா என்பதே கேள்வி. தேர்வையும் வாழ்க்கை வசதியையும் துறந்த ஒருவர், தம் கதையொன்றுக்குத் தியாகபூமி என்றும், தம் பெருநாவலின் இறுதிப் பாகத்திற்குத் தியாகச் சிகரம் என்றும் பெயரிட்டார். கைக்கெட்டிய முடியை அருள்மொழிவர்மர் பிறருக்கு ஈவதே அக்கதையின் உயிர். சேந்தன் அமுதன் பற்றிய அத்திருப்பத்தை விட்டுவிட்ட படம், மதுராந்தகனுக்கே முடியை அளிக்கச் செய்து அவ்வுயிரைக் காத்துக்கொண்டது. அவ்வளவில் அது நல்ல தழுவலே. ஏலேலசிங்கன் கூத்துக்கு அதில் இடமில்லாமற் போனமையோ, பிற நாட்டார்க்குச் சிறு குறையாகத் தோன்றலாம். தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இவ்வூரில் வாழும் நமக்கு அது பெருங்குறை. பகைவனின் பெருந்தன்மையைப் போற்றுதலும் ஒருவகைத் தியாகமேயன்றோ?

ஆதலால் படத்தைப் பார்த்த இளைஞர் சுழற்காற்றை எடுத்து, யானைப் பாகன் வரும் அத்தியாயந் தொட்டு அக்கூத்து முடியும் வரை ஒருமுறை படிப்பாராக. தாம் நாள்தோறும் நடந்து செல்லும் வீதியைக் கல்கியின் கண்கொண்டு காண்பர். அதனைச் சிங்கள நண்பர் ஒருவருக்கு எடுத்துச் சொல்வராயின், அக்கதை மேலும் ஒரு வடிவம் பெறும். அத்தழுவலைக் கல்கியும் விரும்பியிருப்பார் என்பதில் ஐயமில்லை.