சின்ன பிலிமில் பெரிய மனிதர்கள்



எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு பழைய போட்டோ தொங்குகிறது. எங்க ஆயா கல்யாணமான புதுசில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. கறுப்பு வெள்ளைதான். ஆனா மூக்குத்திக் கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு! மூலக்குளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். அது 120 பிலிமில் எடுத்தது, நெகட்டிவே பெரிசு, அதனால்தான் இந்தத் தெளிவு என்று விளக்கினார்.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெரிய நெகட்டிவ் இவ்வளவு நல்லது என்றால், உலகமே கொண்டாடிய ஒரு போட்டோகிராபர் ஏன் சின்ன நெகட்டிவையே கட்டிக்கொண்டு அலைந்தார்? அவர் நம்ம புதுச்சேரிக்கும் வந்து போனவர். பெயர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன்.

1908 ஆகஸ்ட் 22-ஆம் தேதி பிரான்சில் பிறந்தார். நூல் தயாரிக்கும் வசதியான குடும்பம். பிள்ளைக்கோ வியாபாரத்தில் மனசு இல்லை, ஓவியம் படித்தார். 1931-இல் ஆப்பிரிக்காவுக்குப் போய், கடும் காய்ச்சலில் விழுந்து, பிழைத்ததே பெரும்பாடு. ஊர் திரும்பியவர் 1932-இல் ஒரு லைக்கா கேமரா வாங்கினார். அதுதான் அவருடைய துணையாகிப் போனது.

லைக்கா பிறந்த கதையும் சுவையானது. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமா பிலிமை எடுத்து, அதன் ஒரு கட்டத்தை இரண்டு மடங்காக்கி 24-க்கு 36 மில்லிமீட்டர் நெகட்டிவ் எடுக்கும் கேமராவைச் செய்தார். 1925-இல் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்!

இப்போ கொஞ்சம் கணக்குப் போடுவோம், நாம டிப்ளமோ பசங்க ஆச்சே! லைக்கா நெகட்டிவின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். 120 பிலிமில் 6-க்கு 6 சென்டிமீட்டர் என்று சொல்வதன் உண்மை அளவு 56-க்கு 56 மில்லிமீட்டர். பரப்பு 3136. அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல்! 10 அங்குலச் சதுரப் படம் போட வேண்டுமானால் பெரிய நெகட்டிவை நாலரை மடங்கு பெரிசாக்கினால் போதும். சின்னதைப் பத்தரை மடங்கு இழுக்கணும். இழுக்க இழுக்க பிலிமின் மணல்மணலான புள்ளிகளும் சேர்ந்து பெரிசாகும். தெளிவில் சின்ன பிலிம் தோற்றுத்தான் போகும்.

ஆனால் மறுபக்கமும் இருக்கு. 120 ரோலில் 6-க்கு 6 அளவில் 12 படம்தான். லைக்காவில் 36. ரோலிஃப்ளெக்ஸ் மாதிரி கேமராவில் மேலே குனிந்து பார்க்கணும், இடதும் வலதும் மாறித் தெரியும். லைக்காவைக் கண்ணில் வைத்தால் போதும். அந்தக் காலத்தில் லைக்காவுக்கு எஃப் 2 லென்ஸ் கிடைத்தது. ரோலிஃப்ளெக்ஸில் வழக்கமாக வந்தது எஃப் 3.5. இரண்டுக்கும் வெளிச்சத்தில் மூன்று மடங்கு வித்தியாசம்! தெளிவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வேகத்தையும் இருட்டையும் பிரெஸ்ஸோன் வாங்கிக்கொண்டார். பிளாஷ் போடமாட்டார். கேமராவில் பளபளக்கும் இடங்களைக் கறுப்பு டேப்பால் மூடிவிடுவார். ஒன்றிரண்டைத் தவிர எந்தப் படத்தின் ஓரத்தையும் வெட்டவிடமாட்டார். சின்ன நெகட்டிவில் வெட்டி எறிய இடம் ஏது?

இரண்டாம் உலகப் போரில், 1940-இல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். பிடிபடும் முன் தன் லைக்காவை மண்ணில் புதைத்துவைத்தார். இரண்டு முறை தப்பப் பார்த்து மாட்டிக்கொண்டு, மூன்றாம் முறை 1943-இல் தப்பினார். போய் அதே கேமராவைத் தோண்டி எடுத்தார்! 1947-இல் நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற அமைப்பைத் தொடங்கி, அதே ஆண்டு இந்தியா வந்தார்.

1948 ஜனவரி 30. டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்துத் தன் படங்களைக் காட்டினார். அன்று மாலையே காந்தி சுடப்பட்டார். அன்றிரவு வாசலில் நேரு அந்தச் செய்தியைச் சொல்லும் காட்சியை, இருந்த விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். மூக்குத்திக் கல் தெளிவெல்லாம் அதில் கிடையாது. ஆனால் அந்த ராத்திரியின் துக்கம் முழுக்க அதில் இருக்கு. பெரிய கேமராவைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே டெல்லியில் நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர் ஹோமாய் வியாரவாலா, ஸ்பீட் கிராஃபிக்கையும் ரோலிஃப்ளெக்ஸையும் தூக்கிக்கொண்டு சரித்திரம் படைத்தார்.

1950 ஏப்ரலில் பிரெஸ்ஸோன் நம்ம பக்கம் வந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். 14-ஆம் தேதி இரவு 8.47-க்கு மகரிஷி மறைந்தார். அதே நேரத்தில் ஒரு வால் வெளிச்சம் வானத்தில் மெதுவாக நகர்ந்து மலைப்பக்கம் போனதைப் பிரெஸ்ஸோன் பார்த்தார். அதை எந்த பிலிமாலும் பிடிக்க முடியவில்லை!

அங்கிருந்து அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். ஸ்ரீ அரவிந்தர் 1926 முதல் தனிமையில் இருந்தவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவரை யாரும் படம் எடுத்ததில்லை. ஏப்ரல் 24 தரிசனத்தின்போது எடுத்த பிரெஸ்ஸோனுக்கு, மறுநாள் அறைக்குள்ளேயே எடுக்க அனுமதி கிடைத்தது. சுமார் பத்து நிமிடம். அரவிந்தர் நாற்காலியில் சிலை போல அமர்ந்திருந்தார். பெரிய ஸ்டாண்டு இல்லை, பிளாஷ் இல்லை, அறையின் அமைதி கலையவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். அந்தப் பத்து நிமிடம் தவறியிருந்தால்?

1970-களில் கேமராவை ஓரங்கட்டிவிட்டு மறுபடி ஓவியம் வரையப் போன பிரெஸ்ஸோன், 2004 ஆகஸ்ட் 3-ஆம் தேதி 95 வயதில் காலமானார்.

இதை எழுதும்போது எங்க தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு போட்டோகூட கிடையாது. அவர் கழனியை விட்டு ஸ்டுடியோவுக்குப் போனதில்லை, ஸ்டுடியோ கேமரா கழனிக்கு வந்ததில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெரிய நெகட்டிவ், தேடி வந்தவர்களை அழகாகக் காட்டியது. சின்ன நெகட்டிவ், வராதவர்களைத் தேடிப் போனது. பிரெஸ்ஸோன் அதை ஏன் கட்டிக்கொண்டு அலைந்தார் என்று இப்போ புரிகிறது.

நண்பர்களே, இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கு. வர்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனதும் உங்க தாத்தாவை, ஆயாவை அவங்க வேலை செய்யும் இடத்திலேயே ஒரு படம் எடுங்க. தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை!

- இரண்டாம் ஆண்டு, எலெக்ட்ரிக்கல் பிரிவு, மூலக்குளம்